ராயபுரத்து ஆட்டோவில் ஒரு நாள்: 1,800 ரூபாய்க்கு வடசென்னை

முதலில் காசு விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரிக்கு அதுதான் முதலில் வாயில் வரும். காலை ஐந்தரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை ஒரு ஆட்டோ, ஓட்டுநரோடு சேர்த்து 1,800 ரூபாய். கேஸ் அவர் செலவு. நாஷ்டாவும் டீயும் நம் செலவு. மதியம் இரண்டு மணி நேரம் அவருக்கு ஓய்வு. இன்னொரு நிபந்தனையும் உண்டு: சென்ட்ரல் ஸ்டேஷனுக்குத் தெற்கே வண்டி போகாது.

அந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டதும் எங்கள் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. மெட்ராஸ் என்றால் அவருக்கு மெரினாவும் எல்.ஐ.சி. கட்டடமும்தான். "பீச் பார்க்காம மெட்ராஸ் பார்த்தேன்னு ஊர்ல போய் எப்படிச் சொல்றது?" என்றார். அந்தத் தம்பி வண்டியைத் துடைத்துக்கொண்டே, "கடல் இங்கியும்தான் கீதுண்ணே. அங்க சுண்டல் விக்கிறான், இங்க மீன் விக்கிறான். அவ்ளோதான் வித்தியாசம்" என்றார். நான் அப்போதே பேசி முடித்துவிட்டேன்.

நாங்கள் விருதுநகரில் இட்லிக்கடை வைத்திருக்கிறோம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், கடைக்கு இருபத்தோரு வருஷம். தீபாவளிக்கு ஒரு நாள், பங்குனிப் பொங்கலுக்கு ஒரு நாள் பூட்டுவோம். மற்றபடி நெருங்கின சொந்தத்தில் யாராவது செத்தால்தான் அடுப்பு அணையும். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் குடியிருக்கும் நாத்தனார், "மதினி, நடக்க முடியறப்பவே ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க" என்று போனில் சண்டை பிடித்த பிறகுதான் ஆடி முடிந்த கையோடு கிளம்பினோம். இந்த ஆட்டோவைப் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். அவள் தெருக்காரர். கல்யாணமான பிறகு நானும் அவரும் மட்டுமாக, ஒரு சாவு கல்யாணம் இல்லாமல், வெளியூரில் சுற்றின முதல் நாள் இது.

ஐந்தரைக்கு வண்டி வந்துவிட்டது. நேரம் தவறாததற்கு முழு மார்க். எங்கள் கடையில் இரண்டாவது ஈட்டை இறக்குகிற நேரம் அது. இந்நேரம் சாம்பாருக்கு உப்புப் போட்டிருப்போமே என்று இவர் மணியைப் பார்த்தார். இங்கே காசிமேட்டில் எங்களுக்கு முன்பே பாதி வியாபாரம் முடிந்திருந்தது.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிறவர்கள் நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஐஸ் தண்ணீரும் செதிலும் கலந்து கணுக்கால் வரை நனைந்துவிடும். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டேன், அங்கே அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூடைகூடையாக இறக்கி வைத்து ஏலம் விடுகிறார்கள். கத்துகிற ஆள் ஒரு தொகையைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த தொகை வந்துவிடுகிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்த எங்கள் வீட்டுக்காரருக்கு இது புதுசு. யார் கேட்டது, யாருக்கு விழுந்தது என்று புரியாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றார். ஏலம் எடுக்கிறவர்களில் பாதிப்பேர் பெண்கள். இடுப்பில் சுருக்குப்பை, கையில் பழைய ரூபாய்க் கட்டு. ஒரு அம்மா, எனக்கு ஐந்து பத்து வயது மூத்தவராக இருப்பார், கவளை மீன் கூடை ஒன்றின் மேல் காலை வைத்துக்கொண்டு ஏலக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அவர் அதற்கு மேல் தொகையை ஏற்றவில்லை.

தம்பி எங்களைத் தனியாக விடவில்லை. மீனின் செவுளை விரலால் தூக்கிக் காட்டி, "ரத்தச் சிவப்பா இருக்கணும்க்கா. பழுப்பு ஏறிச்சுன்னா முந்தாநாள் சரக்கு" என்றார். ஒன்றரைக் கிலோ சங்கரா 450 ரூபாய்க்கு முடித்துக் கொடுத்தார். நான் கேட்டபோது அதே கூடை 600 ஆக இருந்தது. வெட்டிச் சுத்தம் செய்ய ஒரு அக்காவிடம் தனியாக ஐம்பது. அருவாமனையில் அவர் கை போன வேகத்தில் பேச்சே எழவில்லை எனக்கு. ஒரு செதில் மிச்சமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்தச் சமயத்தில் போனால் இந்தக் கூட்டத்தையும் பார்க்க முடியாது, இந்த விலைக்கும் கிடைக்காது.

மீனை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரைக்கும் போனது. இந்தியாவில் இன்னும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் இதுதான் பழையது. சிவப்புக் கட்டடம், முகப்பில் உயரமான தூண்கள். நான் ஏதோ கோட்டை மாதிரி எதிர்பார்த்தேன். அமைதியாக, ஆள் நடமாட்டம் குறைவாக, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீடு மாதிரி இருந்தது. எங்களை விருதுநகரிலிருந்து கொண்டுவந்து சேர்த்த ரயிலுக்கெல்லாம் கொள்ளுப்பாட்டி வீடு இதுதான் என்று நினைத்தபோது கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றியது. இவர் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்புக் கட்டு, அதான் நிக்குது" என்றார். பத்து நிமிஷம் போதும் இங்கே.

ராயபுரம் என்ற பெயர் எப்படி வந்தது என்று வழியில் தம்பியிடம் கேட்டேன். யாரோ ராயர் ஆண்ட ஊராக இருக்கும் என்பது என் கணக்கு. அவர் சர்ச்சைக் காட்டினார். பீட்டருக்குத் தமிழில் ராயப்பர். இங்கே செயின்ட் பீட்டர் சர்ச் இருக்கிறது, அதை வைத்து ராயப்பர் ஊர், ராயபுரம். இதே ராயபுரத்தில் பார்சிக்காரர்களுக்கு ஒரு அக்கினிக் கோயிலும் இருக்கிறது, நூறு வருஷத்துக்கு மேலாக. வெளியாட்கள் உள்ளே போகக்கூடாது. கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

நாஷ்டா ஒரு சின்னக் கடையில். செட் தோசை, வடகறி. வடகறியை நான் இதற்கு முன் சாப்பிட்டதில்லை. கடலைப்பருப்பை அரைத்து, அவித்தோ பொரித்தோ உதிர்த்து, சோம்பு பட்டை தூக்கலாகக் குழம்பு வைத்துவிடுகிறார்கள். எங்கள் ஊரில் வடை மிஞ்சினால் மறுநாள் தயிரில் போடுவோம், அவ்வளவுதான் தெரியும். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். இவர் என் தட்டைப் பார்த்து, "நம்ம கடையில போடலாமா?" என்றார். சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் அவர் கடையைப் பற்றிப் பேசியது அன்று எத்தனையாவது தடவை என்று எண்ணத் தொடங்கினேன். ராத்திரிக்குள் பதினேழு.

இனிமேல்தான் குறை. திருவொற்றியூருக்குப் போக நேராக ஹைரோடு இருக்க, கடலோர ரோட்டில் சீக்கிரம் போய்விடலாம் என்று தம்பி திருப்பினார். அந்த ரோடு துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் ரோடு. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, இடதுபக்கம் ஒரு லாரி, நடுவில் நாங்கள். முப்பத்தைந்து நிமிஷம் வண்டி நகரவில்லை. பின் சீட்டின் கம்பி ஒன்று என் இடுப்பைக் குத்திக்கொண்டே இருந்தது. போதாததற்குப் பாட்டு வேறு. மூன்று தடவை சொன்ன பிறகுதான் சத்தத்தைக் குறைத்தார். ஒரு நாள் முழுக்க ஆளை ஏற்றுகிறவர் சீட்டையாவது சரி பண்ணி வைத்திருக்க வேண்டாமா?

ஆனால் அந்த முப்பத்தைந்து நிமிஷத்தில்தான் வலதுபக்கம் கடலைப் பார்த்தோம். மணலே இல்லை. கரை முழுக்கப் பெரிய பெரிய பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், அலை வந்து கல்லில் மோதுகிறது. "பீச் எங்கப்பா?" என்று இவர் கேட்டார். தம்பி திரும்பி உட்கார்ந்துகொண்டு விளக்கினார். இந்தக் கரையோரத்தில் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டே வருமாம். துறைமுகம் கட்டக் கடலுக்குள் சுவர் எழுப்பினதும் மணல் அந்தச் சுவரில் தடுத்து நின்றுவிட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேரச் சேர மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் போனதால் கடல் கரையைத் தின்றது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் தெருக்களே கடலுக்குள் போயிருக்கின்றன. அதனால்தான் கல். "மெரினால நீங்க கால் நனைக்கிற மணல் இருக்குதே, அது நம்ம மணல்ணே" என்றார். இவர் அதற்கப்புறம் மெரினாவைப் பற்றிப் பேசவில்லை.

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலுக்கு ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வடிவுடையம்மன் சன்னதியில் கூட்டம். மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவம், எப்போதும் கவசத்துக்குள்தான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைத் திறப்பார்கள். எங்களுக்குக் கவச தரிசனம்தான். குறையில்லை.

நான் இந்தக் கோயிலுக்கு ஆசைப்பட்டது மகிழ மரத்துக்காக. சுந்தரர் இங்கேதான் சங்கிலியாரைக் கல்யாணம் செய்தார். ஏற்கெனவே திருவாரூரில் பரவையார் இருக்கும்போதே. உன்னை விட்டுப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுக்க வேண்டும். மனுஷன் கெட்டிக்காரர். சன்னதியில் சத்தியம் செய்கிறபோது நீ மூலஸ்தானத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே, மகிழ மரத்தடியில் போய் இரு என்று சிவனிடமே ஏற்பாடு செய்துகொண்டார். சிவன் அவருக்கும் சரி என்று சொல்லிவிட்டுச் சங்கிலியார் கனவில் போய், சன்னதியில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். சுந்தரர் மாட்டிக்கொண்டார். பிறகு திருவாரூர் நினைப்பு வந்து எல்லையைத் தாண்டினதும் இரண்டு கண்ணும் போனது. மாசித் திருவிழாவில் இதை மகிழடி சேவை என்று இன்றைக்கும் நடத்துகிறார்கள்.

மரத்தடிக்குப் போனதும் இவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். "என்ன?" என்றார். "சுந்தரர் செஞ்ச சத்தியத்தை நீங்களும் செய்யுங்க." சுற்றும் முற்றும் பார்த்தார். பூ விற்கிற அம்மா ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்குக் காது சிவந்துவிட்டது. "மாவாட்டுறது நீ, அடுப்பு என்னுது. உன்னை விட்டுட்டு எங்கே போறது, ஈட்டு யார் இறக்குறது?" என்றார். இதைச் சத்தியமாக எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. கீழே கிடந்த நாலு மகிழம்பூவைப் பொறுக்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டேன். வாடினால்தான் அதற்கு வாசனை கூடும்.

இந்த ஊரில் இன்னொரு கதையும் உண்டு, கலிய நாயனார் கதை. எண்ணெய் வியாபாரி. கோயிலுக்கு விளக்கேற்றியே சொத்து கரைந்துபோய், கடைசியில் விளக்கெண்ணெய்க் காசுக்காகப் பெண்டாட்டியையே விற்கப் போனார். வாங்க ஆளில்லை. எண்ணெய் விலை நிலவரம் பார்த்துத்தான் பொழுதே விடிகிற ஊர்க்காரர்கள் நாங்கள். இந்தக் கதையைச் சொன்னதும் இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அந்தக் காலத்திலேயே வாங்க ஆளில்லை, பார்த்தியா" என்றார். மரத்தடியில் பேச்சு வராத மனுஷனுக்கு இதற்கு மட்டும் பேச்சு வருகிறது.

அங்கிருந்து ஒரு பந்தயம். மெட்ரோவில் நாங்கள் இதுவரை ஏறினதில்லை. திருவொற்றியூர் தேரடி ஸ்டேஷனில் எங்களை ஏற்றிவிட்டு, வண்ணாரப்பேட்டையில் யார் முதலில் என்று பார்ப்போம் என்றார் தம்பி. இந்த வடக்குப் பக்கத்துப் பாதை 2021-ல் தான் திறந்தது. முதலில் மேம்பாலத்தில் போகிறது. மொட்டை மாடிகளில் காய்கிற துணி, தண்ணீர்த் தொட்டி, அதற்கப்பால் ஒரு நீலக் கோடாகக் கடல். தண்டையார்பேட்டை வருவதற்குள் பூமிக்குள் இறங்கிவிடுகிறது. இறங்குகிற அந்தக் கணத்தில் ஜன்னலில் ஊர் மறைந்து எங்கள் முகம் தெரிந்தது. இவர் கண்ணாடி என்று நினைத்துத் தலையைக் கோதிக்கொண்டார். நாங்கள் வெளியே வந்து கால் மணி நேரம் கழித்துத்தான் ஆட்டோ வந்தது. பெண்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன், இதை யாரும் எழுதமாட்டார்கள்: நாள் முழுக்கச் சுற்றும்போது கழிப்பறைக்கு மெட்ரோ ஸ்டேஷனை நம்பலாம். தண்ணீர் வருகிறது, தாழ்ப்பாள் விழுகிறது.

எம்.சி. ரோட்டைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுக்கிறவர்கள் குடியேறினதால் வண்ணாரப்பேட்டை, இன்றைக்கு அங்கே துணிக்கடைக்கு மேல் துணிக்கடை. விலை மலிவுதான். ஒரு கடையில் சாயம் போகவே போகாது என்று சூடம் அணைக்காத குறையாகச் சொல்லி ஒரு நீல நைட்டியைத் தலையில் கட்டினார்கள், 220 ரூபாய். ஊருக்கு வந்து முதல் தடவை அலசினேன். வாளியில் தண்ணீர் பேனா மை மாதிரி. இவருடைய வெள்ளை வேட்டியும் அதே வாளியில் இருந்தது.

மதியம் நாத்தனார் வீட்டில் சங்கரா மீன் குழம்பு. இதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, சாப்பிட்டோம், தூங்கினோம்.

நாலு மணிக்கு வரவேண்டிய வண்டி நாலே முக்காலுக்கு வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவந்து கேரம் பயிற்சியில் விட்டுவிட்டு வந்தாராம். முன்கூட்டியே சொல்லியிருந்தால் என் கோபம் பாதியாகியிருக்கும். என்ன கேரம் பயிற்சி என்று கொஞ்சம் எரிச்சலாகத்தான் கேட்டேன். அதற்கு அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா இந்தப் பக்கத்துப் பெண், ஆட்டோ ஓட்டுகிறவர் மகள். "நம்ம ஸ்டாண்டுல யாரும் அன்னிக்கு சவாரி போவல. அவ்ளோ பேருக்கும் பொண்ணு பொறந்த மாதிரி" என்றார். சரி, முக்கால் மணி நேரத்தை மன்னித்துவிட்டேன். 1,800-ல் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

பாரிமுனை. உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சிக் குவிமாடம் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாக இருந்தது, 1977-ல் மெரினாவில் புதுக் கலங்கரை விளக்கம் வரும்வரை. ஆனால் தம்பி எங்களைக் கூட்டிப்போனது கோபுரத்துக்கு அல்ல. சுற்றுச்சுவரில் பதித்த ஒரு சின்னக் கல்வெட்டு. நடைபாதையில் போகிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து மெட்ராஸ் மேல் குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஒரு குண்டு இந்தச் சுவரில் விழுந்தது. அரை மணி நேரத்தில் கப்பல் வந்த வழியே போய்விட்டது, பிடிக்க முடியவில்லை. பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் மாமியாரை, அவர் காதில் விழாமல், எம்டன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் அம்மா அவர் மாமியாரை அப்படித்தான் சொல்வார். கெட்டிக்கார ஆள், கிட்டே போக முடியாத ஆள் என்ற அர்த்தத்தில் வாயில் வந்த சொல். அது ஒரு கப்பலின் பெயர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இவர் கல்வெட்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எங்கம்மாவைச் சொல்லும்போது எனக்குக் காது கேட்காதுன்னு நினைச்சியா?" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது?

பிறகு ஜார்ஜ் டவுன் தெருக்கள். ஒரு தெருவுக்கு அரண்மனைக்காரன் தெரு என்று பெயர். அரண்மனை எங்கே என்று தேடாதீர்கள், கிடையாது. ஆர்மீனியர்கள் இருந்த தெரு, ஆர்மீனியன் என்பது நம் ஆட்கள் வாயில் அரண்மனைக்காரனாகிவிட்டது. அவர்கள் சர்ச் இன்னும் அங்கே இருக்கிறது. தம்புச்செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். சிவாஜி மகாராஜா 1677-ல் வந்து கும்பிட்ட இடம், பாரதியார் வந்து வந்து நின்ற இடம். அவ்வளவு பேர் வந்த கோயில், அவ்வளவு குறுகல் தெரு. அம்பாள் சின்ன உருவம், நல்ல முகம். குங்குமம் வாங்கிக்கொண்டேன்.

அடுத்து சௌகார்பேட்டை இட்லி. இங்கே நான் நியாயமாகப் பேசுவேனா என்று எனக்கே சந்தேகம், இருந்தாலும் சொல்கிறேன். குறையும் சொல்லப்போவதால் கடைப் பெயரை எழுதவில்லை. சாயங்காலம்தான் திறக்கிறார்கள். இட்லி, ஊத்தப்பம், வேறொன்றும் கிடையாது. கடை நம் வீட்டுச் சமையலறை அளவு. வாசலில் ஒரு பெரிய இரும்புக் கல். அவித்த இட்லியை அதில் வரிசையாக அடுக்கி, கரண்டியை நெய்ப் பாத்திரத்தில் முக்கி எடுத்து மேலே கவிழ்க்கிறார். ஊற்றுகிறார் என்று சொல்ல முடியாது, குளிப்பாட்டுகிறார். மேலே பொடி. ஒரு புரட்டு. மறுபடி நெய், மறுபடி பொடி. இட்லியின் ஓரம் லேசாக முறுகி நுனி சிவக்கும்போது எடுத்துத் தட்டில் போடுகிறார். வாயில் வைத்ததும் நெய் தாடையில் வழிந்தது. நன்றாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது. பொடியை நன்றாக வறுத்துத் திரித்திருக்கிறார்கள், காரம் தொண்டையில் நிற்காமல் நாக்கிலேயே நிற்கிறது.

ஆனால் ஒரு இட்லிக்காரியாக நான் கேட்கிற கேள்வி வேறு. ஒரு துண்டை நெய் படாத உள்பக்கமாகப் பிய்த்துத் தனியாகத் தின்று பார்த்தேன். உளுந்து போதாது. அரிசி தூக்கல். தெரிந்தேதான் அப்படி அரைக்கிறார்கள், இல்லாவிட்டால் கல்லில் இத்தனை புரட்டுக்கு இட்லி தாங்காது, உதிர்ந்துவிடும். எங்கள் துணி இட்லியை அந்தக் கல்லில் போட்டால் பொடிமாஸ்தான். சட்னி தண்ணீர். கை கழுவ இடமில்லை, ஒரு குவளை, அதற்கு வரிசை. இவர் இட்லியைத் தின்னாமல் நெய்க் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தட்டுக்கு எப்படியும் நாற்பது மில்லி. இந்த விலைக்கு எப்படிக் கட்டுபடியாகுது?" கடைக்காரரிடமே கேட்டுவிட்டார். அவர் சிரித்துக்கொண்டு, இந்தி கலந்த தமிழில், "கூட்டம் வருது சார்" என்று மட்டும் சொன்னார். இரண்டு தொழில்காரர்கள் அதற்கு மேல் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை.

கடைசியாக அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ். பர்மா பஜாருக்குப் பின்புறத்துத் தெருவில், ஒரு தள்ளுவண்டி. பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்து கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்ட பிறகு, அங்கே பிழைத்துக்கொண்டிருந்த நம் ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்கள். அவர்கள் பிழைக்க 1969-ல் வந்தது பர்மா பஜார், அவர்கள் நாக்கோடு கொண்டுவந்தது அத்தோ. எங்கள் பக்கத்திலும் ரங்கூன் போய் வந்த குடும்பங்கள் உண்டு, ஆனால் இதைச் செய்து நான் பார்த்ததில்லை.

அவித்து ஆறவைத்த மஞ்சள் நூடுல்ஸ் ஒரு பிடி. மெலிசாகச் சீவிய கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், நொறுக்கின தட்டை, மிளகாய்த்தூள், பூண்டு பொரித்த எண்ணெய், புளித்தண்ணீர், எலுமிச்சை, கொத்தமல்லி. எல்லாவற்றையும் ஒரு சட்டியில் போட்டுக் கையால் பிசைகிறார். அடுப்பே கிடையாது. பிசைந்து முடித்ததும் கரண்டியால் சட்டி விளிம்பில் இரண்டு தட்டு, அதுதான் அடுத்த ஆளுக்கு அழைப்பு. கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப், சுடச்சுட. குளிர்ந்த நூடுல்ஸ் ஒரு வாய், சூப் ஒரு வாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். அவித்த முட்டையைக் கீறி அதற்குள் பொரித்த வெங்காயத்தையும் பூண்டு எண்ணெயையும் திணித்துப் புளித்தண்ணீர் விட்டுத் தருகிறார்கள், அதை ஒரே வாயில் போட வேண்டுமாம். இவர் கடித்துத் தின்னப் பார்த்து, சட்டையெல்லாம் புளித்தண்ணீர். இரண்டு அத்தோ, நாலு முட்டை, தம்பிக்கு ஒரு அத்தோ, எல்லாம் சேர்த்து 320 ரூபாய். அன்று நான் தின்றதிலேயே இதுதான் முதலிடம். நெய் இட்லிக்காரர் கோபித்துக்கொண்டாலும் சரி.

வீடு வந்து சேர்ந்தபோது மணி பத்தாகப் போகிறது. 2,000 கொடுத்தேன். தம்பி மீதி இருநூறைத் தேடி எடுத்து நீட்டினார். வைத்துக்கொள்ளச் சொன்னேன். "அப்போ நாளைக்குக் காலையில ஐ.சி.எஃப். ரயில் மியூசியம் இட்டுக்கினு போய் உடறேன்க்கா, தனியா காசு வேணாம்" என்றார். அப்படியே வந்தார், நேரத்துக்கு. ஆனால் அந்த சீட்டுக் கம்பியை அதற்குள்ளும் சரி பண்ணவில்லை, ஒரு பழைய துண்டை மடித்து அதன்மேல் போட்டிருந்தார்.

அவர் பெயரும் நம்பரும் இங்கே போடவில்லை, கேட்காமல் போடுவது சரியில்லை. எங்கள் வீட்டுக்காரர் போனில் மட்டும் இருக்கிறது. "ராயபுரம் எம்டன்" என்று பதிந்து வைத்திருக்கிறார்.